இந்த டிக்‌ஷனரியில் என்ன இருக்கும்?

வணக்கம் ஐயா,

4 பேராகத் தொடங்கிய எங்கள் குழுவில் இப்போது 26 பேர். அடுத்து எழுதப்போகும் பில்லிங் சிஸ்டத்தை பைத்தானில் எழுதலாமா என்று இரண்டு வாரமாக வாக்குவாதம் நடக்கிறது. ஜாவா பக்கத்திலிருந்து வந்தவர்கள், “பைத்தான் சின்ன ஸ்கிரிப்டுக்குத்தான் சரி, ஆள் கூடினால் தாங்காது, வேகமும் பத்தாது” என்கிறார்கள். எனக்கு பைத்தான் பிடிக்கும். ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒழுங்கில்லாமல் எழுதிவைப்பார்களே, அவர்களுக்கு வேலி போட எது எண், எது எழுத்து என்று முன்பே அறிவித்து, ஓட்டுவதற்கு முன்பே சோதிக்கும் ஸ்டாட்டிக் டைப்பிங் உள்ள மொழிதான் வேண்டுமோ என்றும் தோன்றுகிறது. பைத்தானில் சாவி-மதிப்பு ஜோடிகளாகத் தகவலைப் போட்டுவைப்பதுதான் டிக்‌ஷனரி. சேர்ந்து 3 மாதமான ஒரு பையன், ஒவ்வொரு கோட் ரிவ்யூவிலும் “இந்த டிக்‌ஷனரியில் என்னென்ன இருக்கும்?” என்று கேட்டு எல்லோர் நேரத்தையும் வீணாக்குகிறான். பெரிய குழுவுக்கு, பைத்தான் மாதிரி டைப்பை முன்பே அறிவிக்கத் தேவையில்லாத டைனமிக் மொழி ஆகுமா, ஆகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் கேள்விக்காக. பிறகு இரண்டு முறையும் அந்தத் தம்பிக்காக.

கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகும். எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் உருவாகத் தொடங்கிய எர்லாங் ஒரு டைனமிக் மொழி. அவர்களுடைய ஏஎக்ஸ்டி301 என்ற தொலைத்தொடர்பு சுவிட்சில் பத்து லட்சம் வரிக்கு மேல் எர்லாங் கோட் இருந்தது. வாட்ஸ்அப்பின் சர்வர்களும் எர்லாங்கில் எழுதப்பட்டவைதான். வேகம் பற்றிய கவலையை இப்போதைக்கு விடுங்கள். பில்லிங் கோட் தன் நேரத்தில் பெரும்பகுதியை டேட்டாபேஸுக்காகக் காத்திருந்தே கழிக்கும். அளந்து பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

இனி என் கோபம். “பிள்ளைகளுக்கு வேலி” என்று எப்படி எழுத மனம் வந்தது? அந்த டிக்‌ஷனரிகளை எழுதியது யார்? நிச்சயம் நேற்று வந்தவர்கள் இல்லை. உங்கள் பழைய 4 பேர். உள்ளே என்னென்ன இருக்கும் என்பது அந்த 4 பேர் தலையில் மட்டும் இருக்கிறது. 22 பேர் அதை ஊகித்து வேலை செய்கிறார்கள். ஒருவர் மட்டும் வாய்விட்டுக் கேட்கிறார், அவரை நேரத்தை வீணாக்குகிறவர் என்கிறீர்கள்.

இதே தவற்றை நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு நிறுவனத்தில் ஆர்டர்களைக் கணக்கிடும் பைத்தான் கோட் என் பொறுப்பில் இருந்தது. ‘டேட்டா’ என்று பெயர் வைத்த ஒரே டிக்‌ஷனரி ஒன்பது ஃபங்ஷன்கள் வழியாகப் போகும். போகிற வழியில் ஒவ்வொன்றும் அதில் எதையாவது சேர்க்கும், எதையாவது மாற்றும். சேர்ந்து சில வாரமே ஆன ஒரு பெண் என்னிடம் வந்து, “இதில் வரும் க்வான்டிட்டி எண்ணா, ஸ்ட்ரிங்கா?” என்று கேட்டார். (ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் வரிசை. அதில் “2” கூட எண் இல்லை, வெறும் எழுத்துதான்.) வேலை மும்முரத்தில் இருந்தேன். “ஓட்டிப் பாருங்கள், தெரியும்” என்றேன். அவர் ஓட்டிப் பார்த்தார். எண் என்று வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்கள், காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாக வரத் தொடங்கின. சிஎஸ்வியிலிருந்து சாதாரணமாகப் படிப்பதெல்லாம் ஸ்ட்ரிங்காகத்தான் வரும். பைத்தானில் “2” என்ற ஸ்ட்ரிங்கோடு 3ஐக் கூட்டினால் உடனே டைப் எரர் வந்து நிற்கும். ஆனால் பெருக்கினால் நிற்காது. ஸ்ட்ரிங்கை மூன்று முறை அடுத்தடுத்து எழுதிக் கொடுக்கும். 2 பெட்டி, பெட்டிக்கு 3 பொருள், ஆக 6 வர வேண்டிய இடத்தில் “222” வந்தது. கடைசியில் சேமிக்கும் ஃபங்ஷன் நல்ல எண்ணத்தோடு அதை எண்ணாக மாற்றி டேட்டாபேஸில் போட்டது. லாகில் ஒரு எரர் வரிகூட இல்லை. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

டெஸ்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, எல்லாம் பாஸ். அந்த டெஸ்டுகளை எழுதியதும் நான்தான். க்வான்டிட்டி எண் என்று என் தலையில் இருந்ததால் டெஸ்டிலும் எண்ணையே கொடுத்திருந்தேன். பிரச்சினை தீர்ந்த அன்று அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: “எனக்கு அன்றைக்கே சந்தேகமாக இருந்தது.” அந்த 222ஐ மறந்திருப்பேன். இந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை.

உங்கள் ஜாவா நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். ஸ்ட்ரிங் சாவி, ஆப்ஜெக்ட் மதிப்பு என்று ஒரு மேப்பை (ஜாவாவில் டிக்‌ஷனரி மாதிரியானது) அறிவித்து, அதைப் பத்து கிளாஸ் வழியாகக் கடத்தியதே இல்லையா? செய்திருப்பார்கள். அங்கே, ஓட்டுவதற்கு முன்பே கோடைச் சோதிக்கும் கம்பைலரால் என்ன செய்ய முடிந்தது? மதிப்பு ஏதோ ஒரு ஆப்ஜெக்ட், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பையை எந்த மொழியிலும் தைக்கலாம். பைத்தானில் அதைத் தைப்பது மிகவும் சுலபம், அதனால் நமக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

அந்தக் கவனத்துக்குக் கருவிகள் உண்டு. யூக்கா லேதோசாலோ என்பவர் தொடங்கிய மைபை என்ற கருவி, எது எண், எது ஸ்ட்ரிங் என்று கோடில் நாம் எழுதிவைக்கும் டைப் ஹின்ட்களைப் பார்த்துத் தவறு சொல்லும். 2015இல் வந்த பைத்தான் 3.5இல் டைப் ஹின்ட்களுக்கு முறையான இடம் கிடைத்தது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசமும் லேதோசாலோவும் ஒன்றாக வேலை செய்த டிராப்பாக்ஸில், 2019க்குள் 40 லட்சம் வரிகளை மைபையின் சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோடில் அதைச் செய்ய வருடக்கணக்கில் உழைத்தார்கள். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள், முதல் நாளே மைபையை ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பான முறையில் ஓட்டலாம்.

ஆனால், டிக்‌ஷனரி என்பதற்கு ‘டிக்ட்’ என்று மட்டும் ஹின்ட் எழுதிவிட்டு டைப் போட்டாயிற்று என்று நினைக்காதீர்கள். உள்ளே எது இருந்தாலும் சரி என்றுதான் அதற்குப் பொருள். என் ‘டேட்டா’வுக்கு அப்படி எழுதியிருந்தால், சாதாரண முறையில் ஓடும் மைபை ஒரு வார்த்தை சொல்லியிருக்காது, 222 அப்படியே போயிருக்கும். அப்புறம், கோட் ஓடும்போது பைத்தான் இந்த ஹின்ட்களைச் சோதிக்காது. ஆகவே கோப்பு, ஏபிஐ, ஜேசன் என்று வெளியிலிருந்து எது வந்தாலும் வாசலிலேயே சோதித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயரும் டைப்பும் உள்ள ஒரு டேட்டாகிளாஸாக மாற்றி உள்ளே விடுங்கள். பைடான்டிக் மாதிரி லைப்ரரி இதற்கு உதவும். டிக்‌ஷனரி வாசலைத் தாண்டி வரவே கூடாது. இதை மட்டும் 26 பேரும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். ஸ்டைல் சண்டையெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

முதல் டேட்டாகிளாஸை அந்தத் தம்பியை எழுதச் சொல்லுங்கள். பழைய 4 பேரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லட்டும். நாலு பேரும் நாலு விதமாகப் பதில் சொல்லும் இடங்கள் வரும். அந்த இடங்கள் எவை என்று எனக்கு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.