டோர்னமென்ட் போக்கரில் முதலில் பேச வேண்டிய இடத்திலிருந்து சுமாரான கையை ஆடலாமா?

உங்கள் நிலைமை இது என்று வைத்துக்கொள்வோம்: ஒன்பது பேர் மேஜை, பிக் பிளைண்டுக்கு (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் கட்டும் இருவரில் பெரிய தொகை கட்டுபவருக்கு) அடுத்த இருக்கை, கையில் வேறு வேறு சின்னத்தில் கிங்கும் ஜாக்கும். ரைஸ் செய்யலாமா (பந்தயத்தை உயர்த்தலாமா) என்றால், பெரும்பாலான நேரம் வேண்டாம் என்பேன். கை அவ்வளவு மோசமில்லை. நான் பட்டனில், அதாவது பிளைண்டுகளுக்கு முந்தைய டீலர் இருக்கையில், இருந்து, மற்றவர்கள் ஃபோல்டு செய்து (சீட்டைக் கைவிட்டு) ஆட்டம் என்னிடம் வந்தால் இதே கையை யோசிக்காமல் ரைஸ் செய்வேன். சிக்கல் உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

உங்கள் இரண்டு சீட்டு போக மீதமுள்ள 50 சீட்டில் ஓர் எதிராளிக்கு 1,225 விதமாகக் கை அமையலாம். ஏஸ், கிங், குயின், ஜாக் ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-ஜாக், கிங்-குயின் எல்லாம் சேர்த்து அதில் 54. இவை உங்களைத் தெளிவாக அமுக்கும் கைகள். ஒருவரிடம் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு 4.4 சதவீதம்தான். ஆனால் பின்னால் 8 பேர் இருக்கும்போது யாராவது ஒருவரிடமாவது இருப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம். பட்டனில் பிளைண்டுகள் இரண்டு மட்டும்தான் மிச்சம் என்பதால் அது 9 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் இருக்கையின் பெயரைப் பார்க்காமல் பின்னால் உள்ளவர்களை எண்ணுங்கள். ஆறு பேர் மேஜையில் முதலில் பேசுபவருக்குப் பின்னால் 5 பேர்தான். இதே கணக்கு 20 சதவீதத்துக்கு வந்துவிடும்.

ஏஸ்-கிங்கோடு மோதினால் கிங்-ஜாக் ஏறக்குறைய நாலில் ஒரு முறைதான் ஜெயிக்கும். அதைவிட மோசம், தோற்கும் விதம். ஃப்ளாப்பில் (மேஜையில் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டில்) ஒன்றுமே விழாவிட்டால் ஃபோல்டு செய்துவிட்டுப் போகலாம், நஷ்டம் கொஞ்சம்தான். கிங் விழுந்தால்தான் ஆபத்து. முதல் இருக்கையிலிருந்து வந்த ரைஸைக் கால் செய்தவரிடமும் (அதே தொகை வைத்துத் தொடர்ந்தவரிடமும்) நல்ல சீட்டுதான் இருக்கும். ஜாக் கிக்கரை (ஜோடிக்குத் துணையான சீட்டை) வைத்துக்கொண்டு மூன்று தெருவும் (ஃப்ளாப்பிலிருந்து வரும் மூன்று பந்தயச் சுற்றும்) பணம் போட்டு, கடைசியில் ஏஸையோ குயினையோ பார்ப்பீர்கள். போதாக்குறைக்கு, கால் செய்தவர் பிளைண்டில் இல்லையென்றால் ஒவ்வொரு தெருவிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

சுமாரான கைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒரே சின்னத்தில் ஏஸ்-ஐந்து பார்ப்பதற்கு கிங்-ஜாக்கைவிட அழகில் குறைவு, ஆனால் இந்த இடத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும். கையில் ஓர் ஏஸ் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமையும் வழி 6-லிருந்து 3 ஆகிறது; ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகிறது. ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) விழுந்தால் பெரும்பாலும் அதுவே மேஜையின் உச்ச ஃப்ளஷ். ஒரே சின்னத்து கிங்-ஜாக்கையும் ஆடலாம். வேறு சின்னத்து ஏஸ்-ஒன்பது, குயின்-பத்து எல்லாம் நேராகக் குப்பைக்கு. சின்ன ஜோடிகள்? ஃப்ளாப்பில் ஜோடியின் அதே மதிப்பில் மூன்றாவது சீட்டு விழுவது எட்டரை முறைக்கு ஒரு தடவை. 25 பிளைண்டு ஸ்டாக்கில் (கையிலுள்ள சிப்ஸ் பிக் பிளைண்டைப் போல 25 மடங்கு) அந்த ஒரு தடவையில் மற்ற எல்லா நஷ்டத்தையும் ஈடுகட்டுவது கடினம்.

காசு ஆட்டத்தில் தோற்றால் மறுபடி சிப்ஸ் வாங்கிக்கொள்ளலாம். டோர்னமென்ட்டில் இழக்கும் சிப்ஸின் மதிப்பு ஜெயிக்கும் சிப்ஸைவிட அதிகம். நால்வர் மிச்சம், எல்லோரிடமும் சம ஸ்டாக், பரிசு 50-30-20 என்று மூவருக்கு மட்டும் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பங்கும் 25 சதவீதம். ஒருவரை வெளியேற்றி ஸ்டாக்கை இரட்டிப்பாக்கினால், ஐசிஎம் கணக்கில் (சிப்ஸைப் பரிசுப் பணமாக மாற்றிப் பார்க்கும் முறையில்) உங்கள் பங்கு 50 ஆகாது, 38.3 தான். பிளைண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், எல்லாவற்றையும் வைத்து மோத உங்களுக்கு 65 சதவீத வாய்ப்பு வேண்டும். பரிசு வரம்பு நெருங்கும்போது, கிங்-ஜாக் மாதிரிக் கையோடு பெரிய ஸ்டாக்காரர்கள் பின்னால் காத்திருக்கையில் ரைஸ் செய்வது எனக்கு வீம்பாகத்தான் தெரிகிறது.

லிம்ப் செய்து (ரைஸ் இல்லாமல் பிக் பிளைண்டு தொகையை மட்டும் வைத்து) மலிவாக ஃப்ளாப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். எட்டுப் பேரில் யாராவது ஒருவர் ரைஸ் செய்வார்.

ஸ்டாக் அளவும் பதிலை மாற்றும். 12 முதல் 20 பிளைண்டு வரை இருப்பதுதான் இதற்கு மிக மோசமான கட்டம். நீங்கள் 2 பிளைண்டு ரைஸ் செய்வீர்கள், பின்னாலிருந்து ஒருவர் ஆல்-இன் அடிப்பார் (மொத்த சிப்ஸையும் வைப்பார்), கிங்-ஜாக்கோடு கால் செய்ய முடியாமல் ஃபோல்டு செய்வீர்கள். ஸ்டாக்கில் பெரிய துண்டு போய்விடும்.

5 பிளைண்டுதான் மிச்சம் என்றால் கதை வேறு. பிக் பிளைண்டே ஆன்ட்டியும் (பிளைண்டுக்கு மேல் கூடுதல் கட்டாயத் தொகை) கட்டும் ஆட்டத்தில் அடுத்த கையிலேயே 2 பிளைண்டு பறிபோகும். அதன்பின் மிஞ்சும் 3 பிளைண்டு ஆல்-இன்னைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள். பரிசுப் படி எதுவும் பக்கத்தில் இல்லாவிட்டால், அப்போது அதே கிங்-ஜாக்கை முதல் இருக்கையிலிருந்தே முழுசாகத் தள்ளிவிடுவேன்.