வாசகர் கேள்வி பதில்: பற்றரிக்கும் தரவுத்தாள் வேண்டுமா?

கேள்வி: ஏ-9 வீதியோரத்தில் உள்ள வேலைத்தலம் ஒன்றில் பற்றரி சார்ஜ் செய்வதும் வெல்டிங்கும் எனது வேலை. பெயின்ற் தகரத்துக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் (பொருளில் உள்ள இரசாயனங்களின் ஆபத்தையும் காப்பு முறையையும் சொல்லும் தாள்) தந்த கடைக்காரர், பற்றரிக்கும் வெல்டிங் கூருக்கும் கேட்டபோது, “அவை செய்து முடித்த பொருட்கள், அமெரிக்கச் சட்டமே விலக்களித்திருக்கிறது” என்கிறார். சரிதானா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: விலக்கு இருப்பது உண்மை, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் அது பொருந்தாது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகம் 1983 இல் வெளியிட்டு, 2012 இல் ஐக்கிய நாடுகளின் இரசாயன வகைப்படுத்தல் முறைக்கு ஏற்பத் திருத்திய விதி, ஆபத்தான இரசாயனங்களுக்கு 16 பிரிவுகள் கொண்ட தரவுத்தாளைத் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. திரவமோ தூளோ அல்லாமல், குறித்த வடிவில் செய்யப்பட்டு, அந்த வடிவத்தாலேயே பயன்படும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் வழமையான பாவனையில் அது மிக அற்ப அளவுக்கு மேல் ஆபத்தான இரசாயனத்தை வெளிவிடக் கூடாது, தொழிலாளியின் உடலுக்குத் தீங்காகவும் அமையக் கூடாது. இந்தப் பின்பாதியைத்தான் விற்பவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஈய அமிலப் பற்றரியிலிருந்து அமிலம் கசியலாம் என்பதாலும், சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவருவதாலும் அதற்கு விலக்கில்லை என்று அந்த நிர்வாகமே விளக்கமளித்துள்ளது. உங்கள் சாரத்தில் விழுந்திருக்கும் சிறு ஓட்டைகளைப் பாருங்கள். அவை பற்றரியில் உள்ள கந்தக அமிலத்தின் வேலையாக இருக்கலாம். கதவடைத்த அறையில் பல பற்றரிகளை ஒன்றாகச் சார்ஜ் செய்தால், தேங்கிய ஐதரசன் வெடிக்க ஒரு பொறி போதும். வெல்டிங் கூரோ உருகிப் புகையாவதற்கென்றே செய்யப்பட்டது. நாகம் (துத்தநாகம்) பூசிய பைப்பை ஒட்டிய அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் கண்டிருந்தால், அது பெரும்பாலும் அந்தப் புகையால் வந்ததே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் பல வீடுகளின் கூரையில் உள்ள அஸ்பெஸ்டஸ் சீற், உடையாமல் கிடக்கும்வரை நார்களை அதிகம் வெளிவிடாது. கிறைண்டர் பட்டதும் நிலைமை மாறிவிடும். கண்ணிமையில் படியும் அந்த வெண்தூசு நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகளின் பின் புற்றுநோயாக வரலாம். வெட்டாமல் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், நனைத்து, கைவாளால் வெட்டுங்கள். நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள், துணி போதாது. அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

அமெரிக்க விதி இங்கே சட்டமல்ல. எமக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முறையிட வேண்டிய இடம் தொழில் திணைக்களம். அதற்கு முன், பற்றரியில் உள்ள பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதிக்கொடுத்து, தயாரிப்பாளரின் தரவுத்தாளை எடுத்துத் தருமாறு முதலாளியிடம் கேளுங்கள்.