இங்கிலாந்தில் வீடு வாங்க, சட்ட வேலைகளைப் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டரை வைத்தே ஆக வேண்டுமா? நாமே பார்த்துக்கொண்டால் செலவு மிச்சம்தானே?

வைத்தே ஆக வேண்டும் என்று இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் இல்லை. முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் தானே படிவங்களை நிரப்பி, சொத்துப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன் என்றால் அது நடக்காது. கடன் கொடுக்கும் வங்கி தன் பட்டியலில் உள்ள சொலிசிட்டரோ வீட்டுப் பத்திர வேலையை மட்டும் செய்யும் உரிமம் பெற்ற கன்வேயன்சரோ இல்லாமல் பணத்தை விடாது.

முழுப் பணம் இருந்தாலும் வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப்பத்திரம் சரியா என்று பார்ப்பதுதான் நமக்குப் பெரிய வேலை. இங்கே உரிமையாளர் யார், வீட்டின் மேல் கடன் உண்டா என்பதையெல்லாம் சில பவுண்டு கட்டி இணையத்திலேயே எடுத்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, முக்கியமாக ஃபிளாட் வாங்குபவர்களுக்கு. நீங்கள் வாங்குவது பெரும்பாலும் லீஸ், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உரிமை மட்டும். எத்தனை ஆண்டு மீதி, நிலத்தின் உரிமையாளருக்குக் கட்டும் கிரவுண்ட் ரென்ட் எவ்வளவு, கட்டடப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜை யார் முடிவு செய்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் காகிதத்துக்குள்தான் இருக்கும்.

நாங்கள் முதலில் பார்த்த ஃபிளாட் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஸ்டேஷன் நடக்கும் தூரம். கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு 250 பவுண்டு என்று ஏஜென்ட் சொன்னதும் உண்மைதான். சொலிசிட்டர் அம்மா போன் செய்து லீஸில் ஒரு வரியைப் படித்துக் காட்டினார்: பத்து ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். 500, 1000, 2000 என்று போய் ஐம்பதாவது ஆண்டில் 8000 பவுண்டு. "நீங்கள் கட்டிவிடலாம். ஆனால் நாளைக்கு விற்கும்போது, வாங்க வருகிறவருக்கு வங்கி கடன் தராமல் போகலாம்" என்றார். விட்டுவிட்டோம். 2022 ஜூன் 30க்குப் பிறகு போடப்படும் புதிய லீஸ்களில் பெரும்பாலும் கிரவுண்ட் ரென்ட் வாங்க முடியாது. ஆனால் பழைய லீஸ்களில் இந்த மாதிரி வரிகள் இன்னும் இருக்கின்றன.

இதையெல்லாம் கேட்க வேண்டிய நேரம், ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால்தான். அதுவரை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். அதன் பிறகு பின்வாங்கினால் வழக்கமாகக் கட்டும் பத்து சதவீத டெபாசிட் போய்விடும். அதனால் ஏஜென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் எக்ஸ்சேஞ்ச் செய்யாதீர்கள்.

யாரை வைப்பது? ஏஜென்ட் கைகாட்டும் ஆளையே வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏஜென்ட் விற்பவருக்காக வேலை செய்பவர், ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கு அவருக்குக் கமிஷன் இருக்கலாம். என் ஃபைலை யார் பார்ப்பார், போனில் பேச முடியுமா, சொல்லும் தொகையில் வாட் வரியும், உள்ளாட்சிப் பதிவுகள் போன்றவற்றைத் தேடிப் பார்க்கும் 'சர்ச்' (search) கட்டணங்களும் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடிமாட்டு விலைக்கு வருகிறவரிடம் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட ஃபைல்கள் இருக்கும், உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்பார். கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி அவர் கேட்டாக வேண்டும். சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம், அண்ணன் ஊரிலிருந்து அனுப்பியது எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். வீடு தேட ஆரம்பிக்கும்போதே பணத்தை வங்கி வழியாக வரவழையுங்கள். கொடுத்தவரிடம் இது கடன் இல்லை, அன்பளிப்பு என்று கடிதம் வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் ரொக்கமாகக் கணக்கில் போட்டால் எல்லாமே நின்றுவிடும்.

அப்புறம், சொலிசிட்டர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. கூரை, ஈரக்கசிவு எல்லாம் சர்வேயர் வேலை, அதற்குத் தனியாக ஆள் வையுங்கள். ஆனால் கூரைக்கு அடியில் லாஃப்ட் அறை எடுத்திருந்தால், நடுச்சுவரை இடித்திருந்தால், பின்பக்கம் பொதுவழி இருந்தால் அதைச் சொலிசிட்டரிடம் எழுத்தில் சொல்லுங்கள், படமும் அனுப்புங்கள். அனுமதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று அவர் எதிர்த்தரப்பிடம் கேட்பதற்கு, அப்படி ஒன்று இருப்பது முதலில் அவருக்குத் தெரிய வேண்டுமே.