வீட்டு சர்வர், மாறும் ஐபி, ஃபயர்வால்: கடலோரத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாம்பன்ல எங்க வீட்டு மாடியில ஒரு மினி பிசி ராப்பகலா ஓடுது. குடும்பப் போட்டோக்கள், அப்பாவோட நாட்டுப்படகு வரவு செலவு எல்லாம் அதுலதான். அதை வெளியூர்ல இருந்து திறக்கிறதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மண்டபம்: டக்டிஎன்எஸ்ல (மாறுற ஐபி முகவரியை ஒரே பேரோட இணைச்சு வைக்கிற டைனமிக் டிஎன்எஸ் சேவை) பேர் வாங்கிட்டேன், ரவுட்டர்ல 443 போர்ட்டையும் (வெளியில இருந்து உள்ளே வர்ற எண் போட்ட கதவு) திறந்துட்டேன். வெளியில இருந்து திறக்கவே மாட்டேங்குது அண்ணே.

தம்பி, முதல்ல ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல ‘வான் ஐபி’ (இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைச்ச முகவரி) என்னன்னு பாருங்க. அது 100.64-ல இருந்து 100.127-க்குள்ள இருந்தாலோ, 10-ல தொடங்கினாலோ நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற ஏற்பாடு அது. உங்க டைனமிக் டிஎன்எஸ் அந்தப் பொது முகவரியைச் சரியாத்தான் காட்டும், ஆனா அது உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வெளியில இருந்து வர்ற கோரிக்கை இணைய நிறுவனத்தோட வாசல்லயே நின்னுடும், உங்க ரவுட்டர் வரைக்கும் வராது.

மூணு வழி இருக்கு. காசு கட்டி நிலையான பொது ஐபி வாங்கலாம். உங்க இணைப்புல ஐபிவி6 (புதுவகை நீள முகவரி) இருந்தா, பேருக்கு ‘ஏஏஏஏ’ பதிவு (பேரை ஐபிவி6 முகவரியோட இணைக்கிற வரி) போட்டு, ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால்ல அந்த ஒரு மெஷினுக்கு ஒரே ஒரு போர்ட்டை மட்டும் விடலாம். ரெண்டும் முடியலைன்னா டெயில்ஸ்கேல் (உங்க சாதனங்களை மட்டும் இணைக்கிற தனி வலை) அல்லது கிளவுட்ஃப்ளேர் டனல். சர்வரே உள்ளே இருந்து வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கும், போர்ட் திறக்கிற வேலையே இல்லை. வீட்டாளுங்க மட்டும் பயன்படுத்துறதுன்னா நான் டெயில்ஸ்கேலைத்தான் சொல்வேன்.

தங்கச்சிமடம்: கரண்ட் போய் வந்தா பேர் பழைய ஐபியிலேயே நிக்குது. ராஸ்பெரி பை 4 (சின்னக் கணினி) வச்சிருக்கேன். பூட் ஆகும்போது, புது ஐபியைப் பேரோட சேர்க்கிற ஸ்கிரிப்ட் ஓடுற மாதிரிதான் போட்டிருக்கேன்.

அந்த ‘பூட் ஆகும்போது’தான் சிக்கல். பை சீக்கிரம் எழுந்துடும், ஃபைபர் இணைப்பு அதுக்கப்புறம்தான் வரும். ஸ்கிரிப்ட் ஒரு தடவை முயற்சி பண்ணித் தோத்துட்டு அதோட நின்னுடுது. 5 நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடுற மாதிரி கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டுற வசதி) போடுங்க. டோக்கன் (பேரை மாத்துறதுக்கான ரகசியக் குறி) இருக்கிற ஃபைலுக்கு 600 அனுமதி (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) வைங்க, அந்த டோக்கன் யார் கைக்குப் போனாலும் உங்க பேரை அவங்க பக்கம் திருப்பிடலாம். இன்னொண்ணு, பை 4-ல பேட்டரிக் கடிகாரம் கிடையாது. நேரம் ரொம்பப் பின்தங்கிட்டா சான்றிதழ் சோதனை தோத்துப்போய் அப்டேட் போகாது.

கீழக்கரை: மலேசியாவுல இருக்கேன். வீட்டு கேமராவைப் பார்க்க 554 போர்ட்டைத் திறந்தா போதுமா?

காக்கா (அண்ணே), தயவுசெய்து அதைத் திறக்காதீங்க. கேமராவோட மென்பொருளுக்கு வருஷக்கணக்கா அப்டேட் வந்திருக்காது. வீட்டு சர்வர்ல வயர்கார்டு (சாவி இருக்கிறவங்களை மட்டும் உள்ளே விடுற விபிஎன் டனல்) போட்டு யூடிபி 51820 போர்ட் ஒண்ணை மட்டும் விடுங்க. சரியான சாவி இல்லாம தட்டுறவனுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது, அங்க ஒரு போர்ட் திறந்திருக்குங்கிறதே ஸ்கேன் பண்றவனுக்குத் தெரியாது. ஒரு விஷயம் ஞாபகம் வைங்க: டனல் தொடங்கும்போது ஒருமுறைதான் அது பேரைத் தேடி ஐபி எடுக்கும். நடுவுல வீட்டு ஐபி மாறிட்டா, போன்ல டனலை அணைச்சுத் திரும்பப் போடுங்க.

தேவிபட்டினம்: சர்வரை டிஎம்இசட்ல (வெளியில இருந்து வர்ற எல்லாத்தையும் ஒரு மெஷினுக்கே அனுப்புற ரவுட்டர் அமைப்பு) வச்சிருக்கேன். சர்வர்ல இருக்கிற யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் எல்லாத்தையும் தடுக்குது. பாதுகாப்புதானே தம்பி?

அக்கா, டாக்கர் (ஆப்களைத் தனித்தனி கன்டெய்னருக்குள்ள ஓட்டுற மென்பொருள்) ஓட்டுறீங்கன்னா பாதுகாப்பு இல்லை. நானும் இதே நம்பிக்கையில இருந்தவன். ஒருநாள் வைஃபையை அணைச்சிட்டு போனோட மொபைல் டேட்டாவுல இருந்து என் ஐபியோட 5432 போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். டேட்டாபேஸ் பதில் சொல்லுச்சு! யூஎஃப்டபிள்யூ பட்டியல்ல அந்த போர்ட்டே இல்லை. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை.

டாக்கர்ல ஒரு போர்ட்டை வெளியிட்டா அது ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட ஃபயர்வால் விதிப்பட்டியல்) தன் சொந்த விதியை எழுதிக்குது. வர்ற பாக்கெட் யூஎஃப்டபிள்யூ பார்க்கிற ‘இன்புட்’ பக்கம் வராமலே கன்டெய்னருக்குப் போயிடும். அதனால வெளியே தேவையில்லாத போர்ட்டை 127.0.0.1:5432:5432-ன்னு, சர்வருக்குள்ள மட்டும் திறக்கிற மாதிரி கட்டிப்போடுங்க. டிஎம்இசட்டை இன்னைக்கே எடுத்துடுங்க, யூபிஎன்பி-யையும் (சாதனங்கள் தாங்களே ரவுட்டர்ல போர்ட் திறந்துக்கிற வசதி) அணைச்சிடுங்க. எஸ்எஸ்எச்சுல (சர்வருக்குள்ள தூரத்துல இருந்து நுழையிற வழி) பாஸ்வேர்டை நிறுத்தி, சாவி மட்டும் வைங்க. அப்புறம் வீட்டுக்குள்ள இருந்து சோதிக்காம, மொபைல் டேட்டாவுல இருந்து சோதிச்சுப் பாருங்க.

தொண்டி: வெளியில திறக்குற பேர் வீட்டு வைஃபையில திறக்கலை.

பெரும்பாலும் உங்க ரவுட்டர்ல ஹேர்பின் நாட் வசதி (வீட்டுக்குள்ள இருந்தே சொந்தப் பொது முகவரியைத் திறக்க விடுறது) இல்லை. பைஹோல் மாதிரி உள்ளூர் டிஎன்எஸ்ல அந்தப் பேருக்கு சர்வரோட 192.168-ல தொடங்குற வீட்டு முகவரியைக் கொடுங்க.

ஏர்வாடி: லெட்ஸ் என்கிரிப்ட்ல (இலவசமா தளச் சான்றிதழ் தர்ற அமைப்பு) சான்றிதழ் எடுத்த கொஞ்ச நேரத்துலயே லாக்ல தெரியாத ஐபிக்கள். யாரு சொன்னா?

சான்றிதழே சொல்லிடுச்சு. வழங்குற ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டுல ஏறுது, அதைப் பார்த்துக்கிட்டே இருக்கிற பாட்கள் (தானியங்கி நிரல்கள்) உடனே வந்து ‘அட்மின்’, ‘லாகின்’னு தட்டும். டிஎன்எஸ் வழியாச் சோதிக்கிற முறையில வைல்ட்கார்டு சான்றிதழ் (எல்லாத் துணைப் பேருக்கும் பொதுவானது) எடுத்தா தனித்தனிப் பேர்கள் அதுல வராது. ஆனா பேரை மறைக்கிறதைப் பூட்டுன்னு நம்பிடாதீங்க.

ராமேஸ்வரம்: ஐபி ஒரு நாளைக்கு நாலு தடவை மாறுது. டைனமிக் டிஎன்எஸ்ல என்ன மாத்தணும்?

அதுல எதையும் மாத்த வேண்டாம். ரவுட்டரோட அடாப்டர் ஜாக்கைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. உப்புக்காத்துல களிம்பு ஏறியிருந்தா ரவுட்டர் விட்டுவிட்டு அணைஞ்சு எழும், ஒவ்வொரு தடவையும் புது ஐபி வாங்கும். என்னோடது இப்படித்தான் இருந்துச்சு. அடாப்டரை மாத்தி, ரவுட்டரைக் கடல் பக்கத்து ஜன்னல்ல இருந்து உள் சுவருக்குக் கொண்டுபோன பிறகு ஐபி மாறுறது நின்னுடுச்சு.