கடலூரிலிருந்து வந்த அத்தை

கேள்வி: மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். போன ஜூலை விடுமுறையில், சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டு, பிரான்ஸில் மொழி ஆசிரியர்களுக்காக நடந்த ஐந்து நாள் கோடைப் பயிற்சிக்குப் போய் வந்தேன். புரிகிற பேச்சைப் பிள்ளைகளின் காதில் நிறைய விழவைத்தால் மொழி தானாகப் படியும் என்கிற முறை. இப்போது மூன்றாம் வகுப்பில் அப்படித்தான் கதை சொல்லி, கேள்வி கேட்டு நடத்துகிறேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நோட்டு காலியாக இருக்கிறது என்று பெற்றோர் புகார் சொல்கிறார்கள். தலைமை ஆசிரியரும் பழையபடி எழுத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார். கதையின் நடுவில் பிள்ளைகள் புதிதாக ஏதாவது சொன்னால் எனக்கும் தமிழில் வாய் வருவதில்லை, இங்கே எல்லாரும் பேசுகிற கிரியோலுக்குத் தாவிவிடுகிறேன். வீட்டில் பேசிப் பழக ஆளில்லை. மாமியார் 1981-இல் கடலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர், ஆனால் அவரும் இப்போது கிரியோல்தான். பழைய முறைக்கே போய்விடவா?

பதில்: சகோதரி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. பயிற்சி நடந்த ஊர் மாறும், முறையின் பெயர் மாறும். ஆசிரியர் உற்சாகத்தோடு திரும்புவார், இரண்டு மாதத்தில் நோட்டைக் காட்டி யாராவது அதட்டுவார்கள், உடனே எனக்கு எழுதுவார். "தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"ஆனால் அவரும் இப்போது கிரியோல்தான்."

இதை எழுதும்போது உங்களுக்கு எதுவும் உறுத்தவில்லையா? கடலூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், கல்யாணம் ஆகும் வயது வரைக்கும் தமிழைத் தவிர வேறெதிலும் சிரித்திருக்கவோ சண்டை போட்டிருக்கவோ மாட்டார். அவர் எப்படிக் கிரியோலுக்கு மாறினார்? அவர் தமிழில் கேட்டார், வீடு கிரியோலில் பதில் சொன்னது. பிள்ளைக்குத் தமிழில் சோறூட்டினார், "பள்ளியில் பிரெஞ்சும் இங்கிலீஷும் படிக்க வேண்டியவன், குழப்பாதே" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இப்படி எத்தனை வீடுகளில் நடந்தது என்று எனக்குத் தெரியும். பதில் வராத மொழியில் ஒருத்தி எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பாள்? உங்கள் கணவர் அவருடைய மகன். பெற்ற தாயோடு தாயின் மொழியில் பேசுவது மகனின் கடமை. அதை அவர் செய்யவில்லை. நீங்கள் தமிழ் ஆசிரியை. அந்த வீட்டுக்குள் வந்தபிறகு நீங்களும் செய்யவில்லை. எனக்கு உங்கள்மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் தெரிந்தவர் நீங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் அத்தைக்குக் கிரியோல் யார் சொல்லிக்கொடுத்தது? பயிற்சி உண்டா, நோட்டு உண்டா? பஸாரில் கடைக்காரர் தக்காளியை எடுத்துக் காட்டி "பொம்தாமூர்" என்றிருப்பார். பக்கத்து வீட்டுக்காரி கையைக் காலை ஆட்டிக் கதை சொல்லியிருப்பாள். முதலில் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார், ஒருநாள் வாய் திறந்திருக்கும். அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1980-களின் தொடக்கத்தில் எழுதியது இதைத்தான்: சொல்வது புரிய வேண்டும், தெரிந்ததைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்க வேண்டும், கேட்பவருக்கு மனதில் பயம் இருக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி நடத்திய பிளேன் ரே அதைக் கதையும் கேள்வியுமாக வகுப்புக்கு ஏற்ற முறையாக்கினார். அதைக் கற்க நீங்கள் ஏறக்குறைய 12 மணி நேரம் விமானத்தில் போனீர்கள். போனது தப்பில்லை. ஆனால் அதற்கு உயிருள்ள சான்று உங்கள் அடுப்படியில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கீரையை நாம் கிரியோலில் "ப்ரெட் மூரூம்" என்கிறோமே, அந்த மூரூமும் நம் முருங்கைதான்.

உங்களுக்கு வாய் வராததை இதோடு சேர்த்துப் பாருங்கள். "பையன் காவடி தூக்கிக்கிட்டு கோவில் மலையில ஏறுறான்" என்று தொடங்குகிறீர்கள். "மலையில ஏறுறானா, கடலுக்குப் போறானா?" என்று கேட்கிறீர்கள். ஒரு குட்டி எழுந்து, அவன் பின்னால் ஒரு நாய் ஓடி வருகிறது என்று கிரியோலில் சொல்கிறது. வகுப்பு சிரிக்கிறது. அந்த நொடியில் "நாய் துரத்துது" என்று உங்கள் வாயிலிருந்து வந்தாக வேண்டும். முந்தின நாள் இரவு தாளில் எழுதி வைத்த வாக்கியம் அங்கே உதவாது. இந்த முறையில் பாடப்புத்தகத்தின் பின்னால் ஒளிய முடியாது, ஆசிரியையின் பேச்சுதான் பாடம். உங்களுக்கே தமிழ் காதில் விழாமல் பிள்ளைகளுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? உங்கள் அத்தைக்கு "துரத்துது" என்ற சொல்லைத் தேட வேண்டியதில்லை.

அத்தை பேசுவது பேச்சுத்தமிழ், பாடப்புத்தகத்தில் இருப்பது வேறு என்று சொல்வீர்கள். நம் ஆசிரியர்கள் எல்லாரும் ஒளிகிற மூலை இதுதான். "நான் போகிறேன்" என்பதைப் பிள்ளை வீட்டில் கிரியோலில் "மோ பே அலே" என்கிறது, பள்ளியில் பிரெஞ்சில் "ழெ வே" என்று படிக்கிறது. அந்த இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளைக்கு, "போறான்" என்று கேட்டு "போகிறான்" என்று படிப்பது ஒரு சுமையா? வாயால் சொல்லும்போது பேச்சுத்தமிழில் சொல்லுங்கள். அதே கதையைப் பலகையில் எழுதும்போது எழுத்துத் தமிழில் எழுதுங்கள். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் முதல் வாக்கியம் என்று இரண்டு வருடம் பிள்ளைகளைக் காக்க வைத்ததால் நமக்கு என்ன கிடைத்தது? எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள், படித்தது என்ன என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

நோட்டு விஷயத்தில் பெற்றோர் சொல்வது முழுக்கத் தப்பென்றும் சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்கிற ஆரம்பப் பள்ளித் தேர்வு இருக்கிறது, அதைப் பிள்ளை எழுதித்தான் ஆக வேண்டும். கனடாவில் பிரெஞ்சு வழியாகவே படித்த ஆங்கிலப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வருடக்கணக்கில் கேட்டும் பேச்சில் இலக்கணப் பிழை தங்கிவிடுகிறது, வாய் திறந்து சொல்லவும் வைக்க வேண்டும் என்று மொழியியலாளர் மெரில் ஸ்வைன் 1985-இல் எழுதினார். கிராஷென் ஆட்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. அதனால் கடைசிப் பத்து நிமிடம், அன்று வகுப்பு சேர்ந்து உண்டாக்கிய கதையைப் பலகையில் ஆறேழு வரி எழுதுங்கள், பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். வீட்டில் போய் வாசித்துக் காட்டட்டும். தலைமை ஆசிரியரிடம் வாதாடப் போக வேண்டாம், அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய முறைக்குத் திரும்பத் தேவையில்லை.

அப்புறம் அத்தை. முதல் வாரம் அவர் உங்களுக்குக் கிரியோலில்தான் பதில் சொல்வார். 40 வருடத்துக்கு மேல் அடங்கிப்போன வாய். "இப்ப எதுக்கு?" என்றும் கேட்கலாம். வேலைக்காக வந்து நிற்கிறாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது, அதனால் பள்ளிக்கூடப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் உட்காரட்டும். அவருக்குப் பாதிதான் புரியும், அது போதும், உட்காரட்டும். அத்தையின் அம்மா என்ன சமைப்பார்கள், கல்யாணத்துக்கு முன்னால் அவர் யாரோடு விளையாடினார், இந்த ஊருக்கு வந்து இறங்கிய அன்று யாரைப் பார்த்துப் பயந்தார் என்று கேளுங்கள். கூடவே கீரை ஆயுங்கள். புரியாத இடத்தில் "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை" என்று தமிழிலேயே கேளுங்கள். இன்றைக்குச் சாயங்காலமே.