திறப்பு விழாக் கழிவுக்காகப் பத்தாயிரம் வெள்ளியா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சிங்கப்பூரின் தெங்காவில், அரசு கட்டி விற்கும் நாலறை பிடிஓ வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டோம். ரெனவேஷன் நடக்கிறது, இரண்டு மாதத்தில் குடிபோகிறோம். பிப்ரவரியில் முதல் குழந்தை. நகரில் புதிதாக ஓர் அறைகலன் கடை திறந்திருக்கிறார்கள். ஐக்கியாவைவிட விலை கூட, ஆர்ச்சர்ட் ரோட்டுப் பெரிய கடைகளைவிடக் குறைவு. எல்லாம் மாடர்னாக, பார்க்க நன்றாக இருக்கிறது. சோஃபா 2,400, ஆறு நாற்காலியுடன் சாப்பாட்டு மேசை 1,900, மெத்தை 1,500, கட்டில் 1,300, டிவி கேபினட் 900, படிப்பு மேசையும் நாற்காலியும் 800, சைட்போர்ட் 700, காப்பி மேசை 500. மொத்தம் 10,000 வெள்ளி. மாதக் கடைசிக்குள் முழுப் பணமும் கட்டினால் 10 விழுக்காடு கழிவு. இல்லையென்றால் கழிவு கிடையாது, 24 மாத வட்டியில்லாத் தவணை. டெலிவரிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகுமாம். அலுவலகத்தில் ஒருவர், “கொடுக்கிற காசுக்கு நல்ல சரக்கு” என்கிறார். இன்னொருவர், “ஐக்கியா பலகையே பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது” என்கிறார். மாமியாரோ மலேசியாவின் ஜோகூரில் சொல்லிச் செய்யலாம் என்கிறார். மசேநிதி (மத்திய சேமநிதி) பிடித்தம் போக எங்கள் இருவர் கைக்கும் சேர்த்து மாதம் 5,600 வருகிறது. ரெனவேஷன் கடன் 370, பெற்றோருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்துச் செலவு 3,600. வீட்டுக் கடன் மசேநிதியிலிருந்து போகிறது. சேமிப்பு 17,000. குழந்தை பிறந்தால் அரசு தரும் பேபி போனஸும் வரும். எந்த வழியில் வாங்கலாம்?

பதில்: தம்பி, எண்களை ஒளிக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. பலர் சம்பளத்தைச் சொல்வார்கள், சேமிப்பைச் சொல்ல மாட்டார்கள். கடையின் பெயரை நான் எடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரம் சனிக்கிழமை நானே அங்கே போய் ஒன்றரை மணி நேரம் சுற்றிப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் நான்கு மூலையிலும் முக்கோணக் கட்டை வைத்து போல்ட் முடுக்கியிருக்கிறார்கள். கால்கள் முழு ரப்பர் மரம். உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து ஆட்டினேன், முனகவில்லை. இது பத்து வருஷத்துக்குத் தாங்கும் சாமான். அங்கிருந்து நாலு எட்டு தள்ளி நீங்கள் சொன்ன டிவி கேபினட். பின்பக்கம் கையை விட்டால் அட்டை போன்ற மெல்லிய தகடு. அடியில் விளிம்புப் பட்டை ஒரு மூலையில் இப்போதே வாய் பிளந்து நிற்கிறது, உள்ளே தெரிவது அழுத்திய மரத்தூள். நம் வீடுகளில் தினமும் ஈர மாப் போடுகிறோம். தண்ணீர் அந்த இடுக்கில் ஏறினால் பலகை பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். அதற்கு 900 வெள்ளி விலை. ஆக, உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், மற்றவர் கேபினட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார். நடுத்தர விலைக் கடை என்றாலே இப்படித்தான். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி லாபமும் இருக்காது, ஒரே மாதிரி தரமும் இருக்காது. கடை நல்லதா என்று கேட்காதீர்கள், இந்தச் சாமான் இந்த விலைக்கு நல்லதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இனி அந்த வட்டியில்லாத் தவணை. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கட்டுபவருக்கு அதே சாமான்கள் 9,000. தவணையில் எடுப்பவருக்கு 10,000, மாதம் ஏறக்குறைய 417. அப்படியென்றால் உண்மையான விலை 9,000தான், மிச்சம் 1,000 வெள்ளி வட்டி. பில்லில் வட்டி என்ற சொல் இல்லை, அவ்வளவே. இரண்டு வருஷத்துக்கு 9,000க்கு 1,000 என்றால் ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடுதானே என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். அது தப்பு. மாதாமாதம் அசலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். பன்னிரண்டாம் மாதம் பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். சராசரியாக உங்களிடம் கடனாக இருப்பது 9,000இல் பாதிதான். அதற்கு ஆயிரம் வெள்ளி என்றால் வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதை அந்தக் கடையில் யாரிடம் கேட்டாலும் “இண்ட்ரஸ்ட் ஃப்ரீ சார்” என்பார்கள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கடன்பற்று அட்டையில் தவணை போட்டால் வழக்கமாக முழு 10,000மும் உங்கள் அட்டையின் வரம்பிலிருந்து முதல் நாளே பிடித்துவைக்கப்படும், கட்டக் கட்டத்தான் விடுபடும். பிரசவ சமயத்தில் மருத்துவமனையில் முன்பணம் கேட்டு அட்டையை நீட்டும்போது வரம்பு போதவில்லை என்றால் எப்படி இருக்கும்? ஒரு மாதம் பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டால், மிச்சத்துக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடும்.

அப்படியானால் 9,000 ரொக்கம் கொடுத்து முடித்துவிடலாமே என்பீர்கள். அதுவும் வேண்டாம். சாமான் வர மூன்று மாதம் ஆகலாம். அதுவரை நீங்கள் கடைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர், கடை புதிது வேறு. பழைய கடை என்றால் மட்டும் நிம்மதியா? 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ் 2020 அக்டோபரில் மூடுவதாக அறிவித்தபோது, பணம் கட்டிவிட்டு மெத்தைக்குக் காத்திருந்தவர்கள் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டி வந்தது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம், உண்மைதான். ஆனால் கல்லாவே காலியான கடைமீது தீர்ப்பு வாங்கி என்ன செய்வது? முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். அதையும் அட்டையில் கட்டி, மாதக் கடைசியில் முழுதாக அடைத்துவிடுங்கள். சாமான் வராவிட்டால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கும். முன்பணம் மட்டும் கட்டினால் கழிவு உண்டா என்று நான் கேட்டபோது அந்தக் கடை விற்பனையாளர் முதலில் முடியாது என்று தலையை ஆட்டினார், பிறகு மேலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, “மேசை மட்டும் எடுத்தாலும் முன்பணத்துக்கே கழிவு தரலாம், மாதக் கடைசிக்குள் வாங்க” என்றார். வாய்விட்டுக் கேட்டால் கிடைக்கிறது.

உங்கள் கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். மாதச் செலவு 3,600. அவசரத்துக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான். குழந்தை வரும் வீட்டில் நான் நாலு மாதத்துக்குக் கீழே இறங்க மாட்டேன். அது 14,400. சேமிப்பில் மீதி 2,600. இந்த மாத மிச்சம் 2,000. ஆக இப்போது அறைகலனுக்கு உங்களிடம் உள்ளது 4,600தான், 17,000 அல்ல. பேபி போனஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முதல் குழந்தைக்கு 11,000 வெள்ளி ரொக்கம் என்றாலும் அது ஒரே நாளில் வருவதில்லை, குழந்தைக்கு ஆறரை வயதாகும்வரை பிரித்துப் பிரித்து வருகிறது. ரெனவேஷன் கடனிலிருந்து சோஃபா வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கடன் சுவர், தரை, ஆணியடித்துப் பொருத்தும் வேலைகளுக்குத்தான். தூக்கி நகர்த்தக்கூடிய எதற்கும் கிடையாது. மசேநிதிப் பணத்தை இந்த இரண்டுக்குமே எடுக்க முடியாது.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். தினமும் உடம்பு எங்கே விழுகிறதோ அங்கே காசு போடுங்கள். மெத்தை 1,500, சரி. அதே ரகம் வேறு கடையில் என்ன விலை என்று மட்டும் பாருங்கள். கட்டிலுக்கு 1,300 வேண்டாம். மெத்தையும் போர்வையும் மூடியபின் யார் பார்க்கப் போகிறார்கள்? ஐக்கியாவில் 400க்குள் உறுதியான கட்டில் கிடைக்கும். சாப்பாட்டு மேசையை இந்தக் கடையிலேயே எடுங்கள், ஆனால் நாலு நாற்காலி போதும். இரண்டு நாற்காலி குறைத்தால் 1,500க்கு முடியும். டிவி கேபினட்டுக்கு 200, பழைய சாமான் விற்கும் கெரோசல் செயலியில் வீடு மாறிப் போகிறவர்கள் விற்பது தினமும் வருகிறது. படிப்பு மேசைக்கும் நாற்காலிக்கும் 300. சைட்போர்ட் வேண்டாம். காப்பி மேசை வேண்டவே வேண்டாம். அடுத்த வருஷக் கடைசியில் உங்கள் பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும்போது, அதன் மூலைகள் சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும். சோஃபா 2,400, அது பிறகு. இப்படிக் கழித்தால் மொத்தம் 6,300. கடை தரும் கழிவு 1,000, உங்கள் பேனா தரும் கழிவு 3,700. முதல் கட்டமாக மெத்தை, கட்டில், சாப்பாட்டு மேசை மட்டும், 3,400. 4,600இல் மிச்சமாகும் 1,200 திரைச்சீலைக்கும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகும். கடிதம் எழுதுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் அவற்றை மறந்துவிடுகிறார்கள், நீங்களும் மறந்திருக்கிறீர்கள்.

சோஃபாவை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், என் சொந்தக் கதை. கல்யாணமான புதிதில் வரவேற்பறை காலியாக இருக்கக் கூடாதென்று, தள்ளுபடி விற்பனையில் 799 வெள்ளிக்குக் கறுப்புத் தோல் சோஃபா வாங்கினேன். தோல் எங்கே, ரெக்சின்தான். மூன்றாவது தீபாவளிக்கு வந்த பெரியப்பா எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புச் செதில். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வகைத் தோல் உரிந்துபோகும். அதனால் சோஃபா வாங்கும்போது துணி உறை எடுங்கள், அதுவும் ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கக்கூடியதாக, ஏனென்றால் குழந்தை கக்கும். கடையில் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். எழுந்தபின் குஷன் மெதுவாகப் பழைய வடிவத்துக்கு வருகிறதா, பள்ளமாகவே கிடக்கிறதா என்று பாருங்கள். திறப்புக் கழிவு போய்விடுமே என்று கவலை வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு முன் ஒரு கழிவு, தீபாவளிக்கு ஒன்று, நவம்பர் 11க்கு ஒன்று. இந்த ஊரில் கழிவில்லாத மாதம் எது?

மாமியார் சொல்வதை அப்படியே தள்ளாதீர்கள். ஜோகூர் மாநிலத்தில் மூவார் என்ற ஊரே அறைகலன் செய்வதற்குப் பேர்போனது. முழு மரத்தில் சொல்லிச் செய்தால் இங்கே உள்ள விலையைவிடக் குறையும். ஆனால் லாரிக் கூலி, எல்லையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இங்கே வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் லெமன் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும், முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பட்டறையை இங்கே இழுத்துவந்து நிறுத்துவது சுலபமில்லை. மாமியாருக்கு அங்கே தெரிந்த ஆசாரி இருந்தால் பூஜை அலமாரியை அவரிடம் கொடுங்கள். மாமியாருக்கும் மனம் குளிரும், அந்த அளவில் கடையில் கிடைப்பதும் இல்லை.

கடைசியாக ஒன்று. மேசைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், தச்சு வேலை முடிந்த பிறகு சுவருக்குச் சுவர் மறுபடி அளந்துகொள்ளுங்கள். அலமாரி ஏறியபின் அறை சுருங்கியிருக்கும். மின்தூக்கிக் கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் நுழையாத சோஃபாவைப் படி வழியாகத் தூக்க, டெலிவரி ஆட்கள் மாடிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். நீங்கள் எத்தனையாவது மாடி என்று எழுதவில்லையே?