குழல்வாய்த் துப்பாக்கி: எங்கே போய்ச் சுடுவது?

வாசகர் கேள்வி – பதில்

குழலின் வாய்வழியே கருமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பற்றி அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டி நிற்கின்றன. துப்பாக்கி வாங்கியாயிற்று, சுட இடம் கிடைக்கவில்லை. இந்த இதழின் பக்கங்களை அதற்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: .50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) கேப்லாக் துப்பாக்கி ஒன்று வாங்கினேன், கேப் என்ற சிறு வெடிமூடியைச் சுத்தி அடித்து மருந்தைப் பற்றவைக்கும் வகை. அருகில் உள்ள மூன்று சுடுதளங்களில் கேட்டேன். மூன்றிலும் "கருமருந்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். இனி எங்கே தேடுவது? (வாசகர், சின்சினாட்டி)

தளத்தைத் தேடாதீர்கள், சங்கத்தைத் தேடுங்கள். கருமருந்துக்காரர்கள் கூடும் சங்கம் ஒன்று கிடைத்துவிட்டால் தளம் தானாகக் கிடைத்துவிடும். சங்கத்துக்குச் சொந்தமாக நிலம் இருக்கும், இல்லாவிட்டால் வேறொரு கிளப்போடு மாதத்தில் ஒரு நாளாவது பேசி வைத்திருப்பார்கள்.

நீங்கள் இருக்கும் ஊர் இதற்கு மிகவும் தோதானது. 1933-இல் தொடங்கிய நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷனின் தலைமையிடம் இந்தியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இருக்கிறது. உங்களிடமிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். அங்குள்ள வால்டர் கிளைன் சுடுதளத்தில் ஜூனிலும் செப்டம்பரிலும் தேசியப் போட்டிகள் நடக்கும். போட்டியில் சேராவிட்டாலும் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். எந்த மாவட்டத்தில் எந்தக் கிளப் உயிரோடு இருக்கிறது, யாரிடம் சாவி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே சுட வந்தவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். இந்த அமைப்போடு இணைந்த கிளப்புகள் பல மாநிலங்களில் உண்டு.

உள்நாட்டுப் போர்க் காலத் துப்பாக்கிகளில் ஆர்வம் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 1950-இல் தொடங்கிய நார்த் – சவுத் ஸ்கர்மிஷ் அசோசியேஷனுக்கு வர்ஜீனியாவில் வின்செஸ்டர் அருகே ஃபோர்ட் ஷெனன்டோவா என்ற சொந்தத் தளம் உண்டு. அந்தக் கால மாதிரித் துப்பாக்கிகளோடு, அந்தக் காலச் சீருடையில், அணி அணியாக நின்று சுடுவார்கள்.

மூன்றாவது, மாநில வனவிலங்குத் துறையின் சுடுதளங்கள். பலருக்கு இவை இருப்பதே தெரியாது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன் – ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் கலால் வரி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நீள்துப்பாக்கிக்கு இந்த வரி 11 சதவீதம். சுடுதளம் அமைக்கவும் அந்தப் பணம் பயன்படும். குழல்வாய்த் துப்பாக்கிக்கென்றே வேட்டைக் காலம் ஒதுக்கியிருக்கும் மாநிலத்தில், அந்த வேட்டைக்காரர் பழக ஓர் இடம் வேண்டுமே. எனவே துறையின் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டு, "குழல்வாய்த் துப்பாக்கியைக் குறி சரிபார்க்க எந்தத் தளத்துக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். "கருமருந்து அனுமதி உண்டா?" என்று கேட்டால், தெரியாத ஊழியர் பயந்து இல்லை என்று சொல்லிவிடுவார்.

கேள்வி: ஏன் மறுக்கிறார்கள்? ஏ.ஆர். ரக நவீனத் துப்பாக்கியை விடவா இது ஆபத்து? (வாசகர், டாலஸ்)

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு பேசினால் பாதிக் கதவுகள் திறக்கும்.

முதல் காரணம் தீ. உருண்டைக் குண்டைச் சுற்றி எண்ணெய் தடவிய பருத்தித் துணித்துண்டு ஒன்றை வைத்துக் கெட்டிக்கிறோம், பேட்ச் என்பது அதுதான். குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அது பிரிந்து, பத்து இருபது கெஜத்துக்குள் தரையில் விழும். விழுந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் கரி படிந்த வட்டம், ஓரங்கள் பூப்போல விரிந்து பிசிர் பிசிராக இருக்கும். துணி மெல்லியதாகவோ எண்ணெய் குறைவாகவோ இருந்தால் ஓரத்தில் சிவப்பாகக் கனல் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த புல்லில் விழுந்த அந்தக் கனல் உடனே பற்றாது. கால் மணி நேரம் கழித்து, எல்லாரும் காபி குடிக்கப் போன பிறகு பற்றும். குண்டுகளைத் தாங்கப் பின்னால் ரப்பர்த் துகள் நிரப்பிய தளங்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம். அங்கே வற்புறுத்தாமல் வேறு இடம் பார்ப்பதே சரி.

இரண்டாவது, குழல் வாய் நோக்கும் திசை. எல்லாத் தளங்களிலும் "வாய் எப்போதும் இலக்குப் பக்கம்" என்பது முதல் விதி. நமக்கோ மருந்து ஊற்றக் குழலை மேல்நோக்கி நிமிர்த்தியாக வேண்டும். குண்டு வானத்தைப் பார்த்துப் பறந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூரையும் தடுப்பும் கட்டிய தளத்தில் ஒருவர் துப்பாக்கியை நிமிர்த்தி நின்றால் தள அதிகாரிக்கு வயிற்றைக் கலக்கும். கெட்டிப்பதற்குத் தனி இடம் உள்ள தளத்தில் மட்டுமே இது நிம்மதியாக நடக்கும்.

மூன்றாவது பக்கத்து மேசைக்காரர். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் (பிளின்ட்லாக்) பூட்டு, அதாவது தீப்பொறி எழுப்பும் பொறியமைப்பு, பெரும்பாலும் வலப்புறம் இருக்கும். சுடும்போது, குழலுக்குள் இருக்கும் மருந்துக்குத் தீயைக் கடத்தும் தொடுதுளையிலிருந்து தீ வலப்பக்கமாகப் பக்கவாட்டில் பாயும், அங்கே நிற்பவர் கையில் சுடும். வலக்கோடி மேசையைக் கேட்டு வாங்குங்கள். கேப்லாக்கில் கேப் சிதறி வரும். யாராக இருந்தாலும் கண்ணாடி கட்டாயம்.

உள்ளரங்கத் தளத்தைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நாலு குண்டில் எதிரே இலக்கு தெரியாத அளவுக்குப் புகை நிறைந்துவிடும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளும் புகையத்தான் செய்யும்.

கேள்வி: தொலைபேசியில் கேட்கும்போது என்ன கேட்க வேண்டும்? (வாசகி, ஆஸ்டின்)

"நான் பேட்ச் போட்ட ஈய உருண்டைக் குண்டை 50 கெஜத்தில் சுடுவேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். இதில் என்ன துப்பாக்கி, என்ன வேகம், என்ன தூரம் எல்லாம் அடங்கிவிடுகிறது. பிறகு, கெட்டிக்க நிமிர்த்தி நிற்க அனுமதி உண்டா, எங்கே? மருந்துப் பாத்திரத்தை எங்கே வைக்க வேண்டும்? தளத்தின் முன்பக்கம் மண்ணா புல்லா? இப்போது காட்டுத்தீ அபாயத்துக்கான தீத்தடை உத்தரவு ஏதும் அமலில் இருக்கிறதா? கெட்டித்தும் சுடாத துப்பாக்கியோடு வெளியே போக நேர்ந்தால் மண்மேட்டில் சுட்டுக் காலி செய்யலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை, நாளின் முடிவில் திண்டாடுவது அதனால்தான்.

வார நாள் காலையைக் கேளுங்கள். நம் துப்பாக்கிக்கு ஒரு குண்டுக்கு இரண்டு நிமிடமாவது ஆகும். ஞாயிறு பிற்பகலில் தோட்டாக்காரர்களுக்கு நடுவே அவசரப்பட்டுக் கெட்டித்தால்தான் தவறுகள் நடக்கும்.

கேள்வி: நான் மருந்து கெட்டித்து முடித்தேன், அதற்குள் "நிறுத்தம்" (எல்லாரும் சுடுவதை நிறுத்தி, இலக்கைப் பார்க்க முன்னே போகும் நேரம்) என்று அறிவித்துவிட்டார்கள். என்ன செய்வது? (அதே வாசகி)

இதைத் தளத்துக்குப் போனவுடனேயே அதிகாரியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் போல "தோட்டா அறையைத் திறந்து காட்டு" என்பது நம்மிடம் நடக்காது. பொதுவாக ஏற்கப்படும் முறை இது: கேப்லாக் என்றால் கேப் பொருத்தும் முனையான நிப்பிளில் கேப் வைக்காமல் இருக்க வேண்டும், வைத்திருந்தால் வாயை இலக்குப் பக்கம் பிடித்து எடுத்துவிட வேண்டும். பிளின்ட்லாக் என்றால் தொடுதுளைக்கு வெளியே உள்ள சிறு கிண்ணத்து மருந்தைத் தட்டிவிட்டு, மேல்மூடியைத் திறந்து விட்டு, தொடுதுளையில் ஒரு இறகையோ குச்சியையோ செருகிவிடலாம். பிறகு வாய் இலக்குப் பக்கம் இருக்கும்படி தாங்கியில் வைத்துவிட்டு, அதிகாரியிடம் "மருந்து இருக்கிறது, கேப் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்துவிடுங்கள். ஆட்கள் முன்னே போகும்போது குழலில் மருந்தோடு ஒரு துப்பாக்கியும் வரிசையில் இருக்கக் கூடாது என்று சில தளங்கள் சொல்லும். அங்கே, அறிவிப்புக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே கெட்டிப்பதை நிறுத்திக்கொள்வதுதான் வழி.

கேப் வைப்பதும் கிண்ணத்தில் மருந்து இடுவதும் சுடும் கோட்டில் நின்று, குழல் வாய் இலக்கை நோக்கிய பிறகுதான். இதில் ஒருமுறை தவறினால் அந்தத் தளத்தில் உங்களுக்குப் பின்னால் வரும் கருமருந்துக்காரர் அனைவருக்கும் கதவு மூடும்.

கேள்வி: கூட்டாட்சி நிலங்களில் இலவசமாகச் சுடலாம் என்கிறார்களே? (வாசகர், டென்வர்)

சுடலாம், நிபந்தனைகளோடு. நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களும் தேசியக் காடுகளும் பொதுவாகத் திறந்தவை, ஆனால் தனித்தனியாக மூடிய பகுதிகள் உண்டு. டென்வருக்கு மேற்கே உள்ள மலைச்சரிவுக் காடுகளில் அப்படி மூடிய இடங்கள் அதிகம். எனவே மாவட்ட ரேஞ்சர் அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிய பிறகே கிளம்புங்கள். தேசியக் காட்டில் வீடு, கட்டடம், முகாமிடம், மக்கள் இருக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள் சுடக் கூடாது. காட்டுப் பாதையையோ பக்கத்து நீர்நிலையையோ குறுக்கே கடந்தும் சுடக் கூடாது.

தீத்தடை இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டால் பொதுவாகத் துப்பாக்கி சுடுவதே கூடாது. அதற்குக் கீழே இருக்கும்போதும், காற்று வேகமாக வீசும் காய்ந்த நாளில் கருமருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. பின்னணியாகச் செங்குத்தான மண்சரிவு வேண்டும். பாறை கூடாது, ஈயம் தெறித்துத் திரும்பும். இலக்குக்கு முன்னால் முப்பது கெஜத் தரையைப் புல் இல்லாமல் தேர்ந்தெடுங்கள். ஒரு மண்வெட்டியும், ஐந்து காலன் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும். முடித்ததும் முன்னே நடந்து ஒவ்வொரு பேட்ச்சையும் பொறுக்குங்கள். எத்தனை சுட்டீர்கள் என்று எண்ணி வைத்திருந்தால், எத்தனை இன்னும் புல்லில் கிடக்கிறது என்று தெரியும்.

கேள்வி: இந்தத் துப்பாக்கிக்குச் சட்டப்படி அனுமதி வேண்டுமா? (வாசகர், நியூ ஜெர்சி)

கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்தவையும், தோட்டா போட முடியாத கருமருந்துக் குழல்வாய்த் துப்பாக்கிகளும் பெரும்பாலும் 'பழமையான துப்பாக்கி' வகையில் சேரும். மாநிலச் சட்டம் வேறு. உங்கள் மாநிலம் சுடுவதற்காக வைத்திருக்கும் கருமருந்துத் துப்பாக்கிகளையும் மற்றத் துப்பாக்கிகளைப் போலவே நடத்துகிறது. தளத்துக்குக் கிளம்பும் முன் மாநிலக் காவல்துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஃபிரெண்ட்ஷிப் போட்டிக்கு விமானத்தில் போகலாமா? (வாசகர், சான் ஹோசே)

துப்பாக்கியைப் பூட்டிய கடினப் பெட்டியில், விமான நிறுவனத்திடம் அறிவித்துக் கொண்டு போகலாம். கருமருந்தும், மாற்று மருந்தும், கேப்பும் கைப்பையிலும் பெட்டியிலும் கூடாது. அவற்றை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல்முறை தளத்துக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? அங்கே பொதுவாக என்ன தவறு நடக்கும்? (வாசகர், கொலம்பஸ்)

.50 காலிபருக்கு .490 அங்குல உருண்டைக் குண்டு, 0.015 அங்குலப் பருத்திப் பேட்ச், கருமருந்து, பித்தளை அளவுக்குழாய், குண்டை வாயில் தட்டி இறக்கும் குறுங்கோல், நீளமான கெட்டிக்கும் கோல், நிப்பிள் திருகி, குண்டைப் பிடித்து இழுக்கும் திருகாணி. முதல் நாள் 50 கிரெயின் (மருந்தை அளக்கும் அலகு) மருந்தில் தொடங்குங்கள், தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டாதீர்கள். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கூட இதில் போடக் கூடாது, குழல் வெடிக்கும். மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலில் ஊற்றக் கூடாது. முந்தைய குண்டின் கனல் ஒன்று உள்ளே இருந்தால் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். எப்போதும் அளவுக்குழாய் வழியேதான்.

கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடுகள் கீறிக்கொள்ளுங்கள். ஒன்று குழல் காலியாக இருக்கும்போது வாயோடு ஒட்டி வரும் இடம், மற்றொன்று வழக்கமான மருந்தின்மேல் குண்டு சரியாக உட்காரும்போது வரும் இடம். குண்டு மருந்தின்மேல் உட்காராமல் நடுவழியில் நின்ற நிலையில் சுட்டால் குழல் வீங்கலாம், கிழியலாம். நாலைந்து குண்டுக்குப் பிறகு கரி படிந்து கோல் இறுகத் தொடங்கும்போது இந்தக் கோடுதான் உங்களை எச்சரிக்கும். ஈரத்துணி ஒன்றை விட்டு இழுத்து, உலர் துணி ஒன்றையும் விட்டுத் துடைத்துவிட்டு அடுத்ததைக் கெட்டியுங்கள்.

வெடிக்கவில்லையா? வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருந்து, புதிய கேப் போட்டு மறுபடி முயலுங்கள். மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிட்டீர்கள் என்றால் (பேசிக்கொண்டே கெட்டித்தால் இது நடந்தே தீரும்) கோலில் உள்ள கோடு அதைச் சொல்லிவிடும். நிப்பிளைக் கழற்றி அந்தத் துளைவழியே மிகப் பொடியான மருந்தைச் சில கிரெயின் மட்டும் ஊட்டி, நிப்பிளைப் பூட்டுங்கள். கோலால் குண்டு அடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மண்மேட்டை நோக்கிச் சுட்டால் குண்டு வெளியே வந்துவிடும்.

வீடு திரும்பியதும் அன்றே வெந்நீரால் குழலைக் கழுவுங்கள். கரியில் உள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மறுநாளே துருவைத் தொடங்கிவிடும். உலர்த்தி மெல்லிய எண்ணெய் விட்டு, அடுத்த நாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் ஒட்டி வந்தால் இன்னொருமுறை கழுவ வேண்டும்.